இருபத்து மூன்றாவது ஆள்

எங்கப்பாவுக்கு முகம் தெரியாது. கண் தெரியாது என்று நான் சொல்லவில்லை. கண்ணெல்லாம் அவருக்குப் பளிச்சென்று தெரியும், நானே சோதித்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாலு வருஷமாகக் கண் பார்க்கிற வேலை எனக்கு. எங்கள் கடை நாற்காலியில் உட்கார வைத்தால், கடைசி வரியில் இருக்கிற கடுகு எழுத்தைக்கூட அப்பா கடகடவென்று படிப்பார். அப்புறம் எழுந்து, எதிரே நிற்கிற என்னைத் தாண்டிப் போய், கண்ணாடி வாங்க வந்த யாரோ ஒரு பெண்ணிடம் "போலாமாம்மா?" என்று கேட்பார். அந்தப் பெண் திருதிருவென்று முழிப்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். மறதி, அலட்சியம், எழுதுகிற ஆள் என்கிற பவிசு என்று நானும் முப்பத்தாறு வருஷமாக வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அப்பா சினிமா விமர்சகர். ஒரு நாளிதழில் சனிக்கிழமைதோறும் அரைப் பக்கம் அவருடையது, இருபத்தாறு வருஷமாக. அலுவலகத்தில் 'பென்சில்' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். இருட்டில் பேனா மக்கர் பண்ணும் என்று பென்சிலில்தான் குறிப்பு எடுப்பார். இடது கட்டைவிரல் நோட்டில் வரிக்கு வரி கீழே நகரும், கண் திரையிலேயே இருக்கும், வலது கை அதுபாட்டுக்கு எழுதும். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறவே ஏறாது. மற்றவர்கள் நடிகர்களின் முகபாவத்தைப் பற்றி எழுதினால், அப்பா நடையைப் பற்றி எழுதுவார், ஒருத்தன் கதவைச் சாத்துகிற விதத்தைப் பற்றி எழுதுவார். "என்ன ஒரு நுட்பமான பார்வை!" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். பார்வையாம் பார்வை.

உண்மையில் நடந்தது என்னவென்றால், பத்திரிகைக்காரர்களுக்கான காலைக் காட்சிக்கு அப்பாவுக்கு இரண்டு பேருக்கான அனுமதிச் சீட்டு வரும். அம்மா கூடப் போவாள். அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, படம் முடிகிற வரைக்கும் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். "இப்ப வந்தது தம்பிக்காரன். மீசைய எடுத்துட்டான், அதான்." "இது அந்த டாக்டரம்மாதான், தலைய அவுத்து விட்டிருக்கா." பெயர்கள் எதுவும் அவளுக்கு நிற்காது. அவளாகவே ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். முட்டைக்கண்ணன், ஈரத்தலை, பொய்ச்சிரிப்பு. அப்பா அதை அப்படியே எழுதிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் படக் கம்பெனி கொடுத்த பட்டியலில் இருக்கிற புகைப்படங்களை அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டு, இன்னார் இன்னார் என்று சொல்ல, அப்பா சரியான பெயரைப் போட்டு எழுதி முடிப்பார். மற்ற விமர்சகர்களுக்கு இது எதுவும் தெரியாது. "இந்த வயசுலயும் காதுக்குள்ள என்ன சார் ரகசியம்?" என்று கிண்டல் பண்ணுவார்கள். இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்து வைப்பார்களாம்.

இதெல்லாம் அம்மா போன பிறகுதான் எனக்கே தெரியும்.

அம்மா போய் எட்டு மாசமாகிறது. போவதற்கு நாலு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, கடைக்குப் போன் பண்ணினாள். "நாளைக்கு மட்டும் உங்கப்பாகூட படத்துக்குப் போயிட்டு வர்றியா? அந்தத் தியேட்டர் படி ஏறினா மூச்சு வாங்குது." எனக்கு அன்றைக்குக் கடையில் தலைக்கு மேல் வேலை. "ஏன், அவரு பச்சைக் குழந்தையா? ஒரு நாள் தனியாப் போனா காக்கா தூக்கிட்டுப் போயிடுமா?" என்று எரிந்து விழுந்தேன். "சரி, விடு," என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அவளே படியேறிப் போய், உட்கார்ந்து, மூன்று மணி நேரம் காதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்கவில்லை. அந்தப் போன் விஷயத்தை நான் யாரிடமும் சொன்னது கிடையாது, அப்பாவிடமும்தான். சொல்ல வாய் வரவில்லை.

அதற்கப்புறம் அப்பா தனியாகப் போக ஆரம்பித்தார். கொஞ்ச நாள், நாலைந்து பேர் மட்டும் நடித்த சின்னப் படங்களாக வந்ததால் பிழைத்தார். பிறகு அண்ணன் தம்பி கதை ஒன்று வந்தது. தம்பியை அண்ணன் கொல்கிறான். அப்பா, அண்ணனைத் தம்பி கொன்றுவிட்டதாக எழுதினார். எழுதினதோடு விட்டாரா? செத்துப்போனவனின் நடிப்பைக் கொன்றவன் தலையில் கட்டி, "கடைசிக் காட்சியில் பிரமாதம்" என்று பாராட்டு வேறு. ஊரே சிரித்தது. பத்திரிகை வருத்தம் தெரிவித்துப் பெட்டிச் செய்தி போட்டது. நான் கொதித்துப்போய் நேராக வீட்டுக்குப் போனேன்.

"தூங்கிட்டீங்களா தியேட்டர்ல?"

அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தூங்கல. எனக்கு மூஞ்சி நிக்காதும்மா," என்றார்.

"நிக்காதுன்னா?"

"பாக்குறப்ப இருக்கும். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினா போயிடும். திரும்ப வந்தா புது ஆள் மாதிரி இருக்கும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

"அம்மாவை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கிராம்பு மெல்லுவா. சாவிக்கொத்து சத்தம்."

"என்னை?"

"நீ கதவைத் தட்ட மாட்டே, அடிப்பே," என்றார். "நீ வாயைத் திறக்காம பக்கத்துல நின்னா எனக்குத் தெரியாது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினாலு வருஷமாக ஊரில் இருக்கிறவன் கண்ணையெல்லாம் அளந்தவள் நான். வீட்டுக்குள்ளேயே இருந்ததைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை மதியம் அவர் கையெழுத்தைத் தட்டச்சு செய்து அலுவலகத்துக்கு அனுப்புகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய படம் வந்தது. உலகத்தைக் காப்பாற்றுகிற சூரர்கள் இருபத்திரண்டு பேர். பறக்கிறவன், எரிகிறவள், கல்லாகிறவன், சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறவள் என்று ஒவ்வொருத்தரும் தனித்தனியாக ஏற்கெனவே ஒரு படத்தில் வந்தவர்கள், இதில் எல்லாரும் ஒன்றாக வருகிறார்கள். ஆசிரியர் போன் பண்ணினார். "பென்சில் சார், மரியாதைக்காகச் சொல்றேன். இந்தப் படத்துல ஒரு ஆள் மாறினாலும் என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. பக்கத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கச் சொல்றாங்க."

அந்தப் பக்கம் போனால் அப்பாவிடம் மிச்சம் என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமைக்காகத்தான் வியாழக்கிழமையே சவரம் செய்துகொள்வார், சட்டையை இஸ்திரி போடுவார். மற்ற நாளெல்லாம் கைலியோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன். 

"நான் வர்றேன்பா. அம்மா மாதிரி பக்கத்துல உக்காந்து சொல்றேன்."

"வேணாம்," என்றார்.

"வேணாமா? அப்ப இருபத்திரண்டு பேரை எப்படிச் சமாளிப்பீங்க?"

"எனக்கு ஆள் இருக்கு."

"யாரு ஆளு?"

அப்பா டீயை ஊதி ஊதிக் குடித்தார். டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது. அந்த முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று ஓடினதைப் பார்த்ததும் என் மண்டைக்குள் வண்டு குடைய ஆரம்பித்துவிட்டது. யாரது அந்த ஆள்? எட்டே மாசத்தில்?

வெள்ளிக்கிழமை கடையில் பல்வலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எட்டரை மணிக் காட்சி. வழியில் மழை பிடித்துக்கொண்டு, நான் போய்ச் சேரும்போது படம் ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. படியேறும்போது எண்ணினேன், நாற்பத்தொரு படி. எனக்கே மூச்சு இரைத்தது. வாசலில் டார்ச் வைத்துக்கொண்டு நிற்கிற ஊழியர் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்.

"அப்பா உள்ள இருக்காரா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க," என்றார். "அப்பாவுக்கு வலது பக்கத்துச் சீட்டு காலி. சத்தம் போடாம போ."

பாவம், அம்மா போனது இவருக்குத் தெரியாதுபோல, பழக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். டார்ச் வெளிச்சம் தரையில் நகர, பின்னாலேயே போய், அப்பாவுக்கு வலது பக்கத்து இருக்கையில் மெதுவாக உட்கார்ந்தேன். மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் யாரோ ஒரு மழைக்கோட்டு என்றுதான் நினைத்திருப்பார்.

அவருக்கு இடது பக்கம் யாரும் இல்லை.

ஆனால் இருக்கை விரிந்திருந்தது. அந்தத் தியேட்டர் நாற்காலிகளெல்லாம் வில் வைத்தவை. ஆள் எழுந்தால் டப்பென்று தானாக மடங்கிக்கொள்ளும். அந்த வரிசையில் காலியாக இருந்த மற்ற எல்லாம் மடங்கித்தான் நின்றன. பையை வைத்திருப்பாரோ என்று எட்டிப் பார்த்தேன். பை அவர் மடியில் இருந்தது. ஆணி துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பாவின் தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் யாராவது புதிதாக வந்தால் ஒரு விநாடி பொறுப்பார். "ம்," என்பார். எழுதுவார். நடுவில் ஒருமுறை, "எது? தொப்பி போட்டவனா?" என்று மெல்லக் கேட்டார். கேட்டது என்னிடம் இல்லை. பிறகு, "ஓ, அவங்கண்ணனா," என்று தலையாட்டிக்கொண்டார். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குண்டு வெடிக்கிறது, கட்டடம் சரிகிறது, எரிகிறவள் எரிகிறாள், அதற்கு நடுவில் எனக்கு ஒரு கிசுகிசுப்பும் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, நாளைக்கே யாராவது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தேன். அதே நேரத்தில், படத்தில் கல்லாகிறவன் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போனான், எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா சிரித்தார். அம்மா ஏதாவது வாயாடினால் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. எட்டு மாசமாக நான் கேட்காத சிரிப்பு.

கோபம் வந்தது எனக்கு. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். செத்துப்போன மனுஷி இவர் காதில் மட்டும் வந்து பேசுவாளாம், நான் என்ன அந்நியமா? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மழைக்கோட்டின் கையில் துடைத்தேன்.

கடைசிச் சண்டைக்கு முன்னால், வில்லன் ஓர் அணையை உடைத்துவிடுகிறான். ஊர் முழுக்கச் சேறு. இருபத்திரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை ஒரே சேற்று நிறம். சிவப்பும் நீலமும் போட்டு வைத்த உடுப்பெல்லாம் வீண். ஐயோ, இனிமேல்தானே வம்பு என்று நினைத்து அப்பாவைப் பார்த்தேன். அவர் வேகமாக நாலைந்து வரி எழுதினார். நிறுத்தினார். காத்திருந்தார்.

டப்.

இடது பக்கத்து நாற்காலி மடங்கியது.

அது வரிசையின் கடைசி நாற்காலி, நடைபாதை ஓரம். யாரும் எழுந்து போகவில்லை. பென்சில் நோட்டின் மேலேயே நின்றுவிட்டது. அப்பா தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார், இன்னும் கொஞ்சம். ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் கண் போய்விடக் கூடாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டு திரையையே பார்த்தேன். கடைசி இருபது நிமிஷத்தை நான் அப்படித்தான் பார்த்தேன், இமைகூடக் கொட்டாமல். ஒரு சேற்று மனிதன் உடைந்த மதகைத் தன் முதுகால் அடைத்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் தப்பித்துப் போகிறார்கள். அவன் அங்கேயே செத்துப்போகிறான். தியேட்டரே உச்சுக்கொட்டியது. விளக்குப் போடுவதற்குள் நான் எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

வாடகைக் கார் பிடித்து அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய், கோட்டைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு, கடையிலிருந்து நேராக வந்தவள் மாதிரி கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா பன்னிரண்டே காலுக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. நோட்டை மேஜைமேல் வைத்தார்.

"கடைசி இருபது நிமிஷம் இல்ல," என்றார்.

"ஏன்?"

"சொல்லல."

"யாரு சொல்லல?"

நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கையால் இன்னொரு கையைத் தடவிக்கொண்டிருந்தார். "திட்டாதே," என்றார். "அந்த அண்ணன் தம்பி படத்துக்கு அப்புறம் உங்கம்மா வர்றா. மூணு நாலு படமா வர்றா. இன்னிக்கு என்ன கோபமோ, பாதியிலயே போயிட்டா."

வேறு நாளாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். பட்டியலை எடுத்து விரித்தேன், இருபத்திரண்டு புகைப்படம். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

நோட்டில் இருந்ததைப் பார்க்கவும் முதுகுத்தண்டில் ஜில்லென்று ஏறியது. கையெழுத்து அப்பாவுடையதுதான். வார்த்தை அவருடையது இல்லை. "1. பறக்கிறவன். இஸ்திரி போட்ட மூஞ்சி." "4. எரியுறவ. மூக்கு அழகு, வாய்தான் ஆகாது." "9. ஈரத்தலை. எண்ணெய் வழியுது, துடைக்க ஆளில்ல." "15. முட்டைக்கண்ணன். இவனுக்கும் ஈரத்தலைக்கும் ஆகாது, ஆனா உள்ளுக்குள்ள பாசம்." அப்பாவுக்கு ஒருத்தர் மூக்கு அழகா, கோணலா என்று சாகிற வரைக்கும் தெரியாது. புகைப்படங்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. இருபத்திரண்டும் பொருந்தியது.

அதற்குக் கீழே இன்னும் ஒன்று இருந்தது.

"23. மழைக்கோட்டு போட்டவ. மேல் பித்தான் இல்ல, தைச்சுக்கோன்னு எத்தனை தடவை சொல்றது. நேரம் கழிச்சு வந்தா. சக்தி ஒண்ணும் கிடையாது, கோபம் மட்டும்தான். கூப்பிட்டப்ப வரல. இப்ப வந்துட்டா. இனி இவ பாத்துப்பா."

அதோடு சரி. மிச்சப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

படத்தில் யாரும் மழைக்கோட்டு போடவில்லை. படத்தில் மழையே கிடையாது. என் கோட்டில் மேல் பித்தான் அறுந்து இரண்டு வருஷமாகிறது. கூப்பிட்டு நான் வராததை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், ஒன்று நான்.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அவள் வந்துகொண்டிருந்திருக்கிறாள். படத்துக்குப் படம் வந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போய் வலது பக்கம் உட்கார்ந்தேன், அவள் எழுந்து போய்விட்டாள். அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் நானே போய்த் துரத்திவிட்டு வந்திருக்கிறேன். இதை எந்த வாயால் அவரிடம் சொல்வது?

"இருபத்து மூணுன்னு போட்டிருக்கே," என்றேன். "பட்டியல்ல இருபத்திரண்டுதான் இருக்கு. இது யாரு?"

"சொன்னா, எழுதினேன்," என்றார் அப்பா. அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட விட்டதில்லை அவர்.

"படத்துல இப்படி ஆளே இல்லப்பா. இது அச்சுல வந்தா பக்கம் போயிடும்."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். "அப்ப எடுத்துடு," என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

மணி ஒன்று பத்து. "கடைசியில செத்தது யாருன்னு தெரியணும்," என்றார். "எல்லாரும் சேறு. உயரமா ஒருத்தன். முட்டைக்கண்ணனா இருக்கும்னு ஒரு நினைப்பு. அப்படியே எழுதிடட்டுமா?"

"முட்டைக்கண்ணன் இல்ல. ஈரத்தலை," என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?"

முகமெல்லாம் சேறு அப்பியிருந்தாலும் கண் இரண்டும் வெளியே தெரிந்தன. இரண்டு கண்ணுக்கும் நடுவில் எத்தனை இடைவெளி என்று அளப்பதுதான் என் பிழைப்பு, கண்ணாடிச் சட்டம் பொருந்த வேண்டுமே. முட்டைக்கண்ணனுக்கு அகலம். ஈரத்தலைக்கு இரண்டும் கிட்டக்கிட்ட. எத்தனை வண்டிச் சேற்றைக் கொட்டினாலும் அது மாறாது. இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? "எவனோ ஒருத்தன் அதுக்குள்ள போன்ல போட்டுட்டான்," என்று புளுகினேன். பிறகு, மதகுக் காட்சியை முழுக்கச் சொன்னேன். யார் யார் எந்தப் பக்கம் போனார்கள், யார் திரும்பிப் பார்த்தார்கள், எல்லாம். ஒரு போன் செய்தியில் அவ்வளவு இருக்குமா என்று அப்பா கேட்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த விமர்சனத்தை நான் இன்னும் மனப்பாடமாகச் சொல்வேன். "இருபத்திரண்டு பேர் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஒரு உலகத்துக்கு இவ்வளவு பேர் தேவையா என்று இரண்டு மணி நேரம் சலிப்பாக இருக்கிறது. சேறு வந்து எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கிய பிறகுதான் படம் உயிர் பெறுகிறது. நிறம் போய்விட்டது, பெயர் போய்விட்டது. மதகில் நிற்பவன் யார் என்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்த ஒருத்தனுக்கு மட்டும்தான் தெரிகிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் ஆளைத் தெரியும்." கடைசி வாக்கியத்தைத் தட்டும்போது எனக்குத் திரை மங்கியது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன். இருபத்து மூன்றாவது இல்லாமல்.

சனிக்கிழமை காலை ஆசிரியர் போன் பண்ணினார். "ஒரு ஆள்கூட மாறல சார். பக்கம் உங்களுதுதான்." அப்பா "சரிங்க," என்று மட்டும் சொன்னார். நான் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கக் கடையில் என்னிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை, எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு திரிந்தேன். பித்தானை மட்டும் தைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று தெரிந்தே போனேன், அவருக்கு முன்னால். நாற்பத்தொரு படி. டார்ச்காரர் உள்ளே விட்டார். இடது பக்கத்து நாற்காலி மடங்கியிருந்தது. அதை விரித்து உட்கார்ந்தேன். உட்காரும் இடம் சில்லென்று இருந்தது. இனி இங்கே அவள் வர மாட்டாள் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அப்பா வந்தார், உட்கார்ந்தார், நோட்டைத் திறந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. விளக்கு அணைந்தது.

பத்து நிமிஷம் அவர் தலையைச் சாய்த்தபடி காத்திருந்தார். நான் யார் என்று இவருக்குத் தெரியாது. அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக் காத்திருக்கிறார். வாயைத் திறந்தால் அவருக்கு அவள் இரண்டாம் தடவை சாவாள். திறக்காவிட்டால் பக்கம் போய்விடும். திரையில் ஒருத்தன் வந்தான். முன்பே வந்தவன்தான், தாடி வைத்திருந்தான். குனிந்து அவர் காதில் படபடவென்று சொன்னேன். "இது முதல்ல பஸ்ஸுல வந்தவன், தாடி ஒட்டு, பின்னாடி நிக்கிறவ அவன் பொண்டாட்டி, கோணவாய்."

பென்சில் அசையவில்லை.

"மெதுவா சொல்லு," என்றார் அப்பா, திரையைப் பார்த்துக்கொண்டே. "உங்கம்மா இவ்வளவு வேகமா சொல்ல மாட்டா."

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு அந்த இருபத்து மூணை எழுதி முடிச்சப்பவே. சக்தி கிடையாது, கோபம் மட்டும்னா வேற யாரு?"

"நான் வந்ததாலதாம்பா அவ..."

"தெரியும்." அவருடைய இடது கட்டைவிரல் நோட்டில் முதல் வரியிலேயே இருந்தது. பிறகு கேட்டார், "சீட்டு மடங்கின சத்தம் உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பென்சிலைச் சரியாகப் பிடித்துக்கொண்டு தலையை என் பக்கம் சாய்த்தார்.

"சரி. இப்ப உள்ள வர்றது யாரு?"

நான் சொன்னேன்.